இரும்புச் சத்து மாத்திரையும் அப்பாவின் பார்க்கின்சன் மருந்தும்

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த என் அப்பாவுக்கு, நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் தரும் மூளை நரம்பு நோயான பார்க்கின்சன் இருக்கிறது. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை நாளுக்கு நான்கு வேளை எடுத்துக்கொள்கிறார். சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மினும் உண்டு. இதே நோயுள்ளவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், சத்து மாத்திரைகள் விஷயத்தில் நாங்கள் கண்டதை எழுதுகிறேன்.

ரத்தசோகைக்காக அப்பாவுக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது தேவையான மாத்திரைதான். சீட்டில் காலை வேளை என்று இருந்ததால் காலை மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து வந்தோம். அதற்கு முன்பு, மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுபவர், சில வாரங்களில், வெயில் ஏறிய பிறகும் கட்டிலிலிருந்து எழ முடியாமல் விறைத்துக் கிடக்கத் தொடங்கினார். மலைக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று உறவினர்கள் சொன்னார்கள். மருந்து வேலை செய்யாத உடம்போடு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்தில் சேலத்துக்கு இறங்குவது அவருக்குப் பெரும் வதையாக இருந்தது. முன் இருக்கைக் கம்பியைப் பற்றக்கூட விரல்கள் மடங்கவில்லை.

நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் வைக்கும்படிதான். இரும்பு, குடலிலேயே லெவோடோபாவைப் பிணைத்துக்கொள்வதால் ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு குறைந்துவிடுகிறது என்றும், இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும் என்றும் விளக்கினார். இரும்பை இரவு படுக்கும் நேரத்துக்கு மாற்றிய பிறகு, மருந்தின் அளவைக் கூட்டாமலேயே காலை நேரத்து இயக்கம் திரும்பியது. பலசத்து மாத்திரைகள் பலவற்றிலும் இரும்பு கலந்திருக்கும் என்பதால், அட்டையில் உள்ள சிறிய எழுத்துகளையும் படித்துப் பார்ப்பது அவசியம்.

அப்பாவுக்கு இருந்த பாத எரிச்சல் வேறு கதை. மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கும், லெவோடோபா எடுப்பவர்களுக்கும் வைட்டமின் பி12 குறையக்கூடும். அப்பாவுக்கு இரண்டும் சேர்ந்திருந்தன. ரத்தப் பரிசோதனையில் குறைவு உறுதியானதும் ஊசி போடத் தொடங்கினார்கள். மெல்ல மெல்ல எரிச்சல் தணிந்தது. நடுக்கம் குறையவில்லை, பி12 அதற்கான மருந்தும் அல்ல.

அந்த எரிச்சலுக்காகவே, சேலத்திலிருந்து வந்த ஒரு சித்தப்பா, நரம்புக்கு நல்லது என்று அதிக அளவு வைட்டமின் பி6 உள்ள மாத்திரையை அன்போடு வாங்கி வந்திருந்தார். மருத்துவர் அதை அனுமதிக்கவில்லை. கார்பிடோபா இல்லாமல் லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்து வந்த காலத்தில், பி6 அதன் பலனைக் குறைத்தது. லெவோடோபா மூளைக்குள் போய்த்தான் டோபமைன் என்ற, இயக்கத்துக்குத் தேவையான பொருளாக மாற வேண்டும்; பி6 சேர்ந்தால் மூளையைச் சேரும் முன்பே உடலின் மற்ற பாகங்களில் அப்படி மாறிவிடும். கார்பிடோபா அதைத் தடுப்பதால், இப்போதைய கூட்டு மாத்திரையில் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆனால் பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் எடுத்தால், அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுத்து மரத்துப்போதலையும் எரிச்சலையும் உண்டாக்கும் என்பது 1983 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எரிச்சலுக்காகத் தொடங்கும் மாத்திரையே எரிச்சலைக் கூட்டினால், நோய் முற்றுகிறது என்றுதான் வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

வைட்டமின் இ நோயின் வேகத்தைக் குறைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். வட அமெரிக்காவில் 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1993-இல் வெளியானது. அதில் வைட்டமின் இ எந்தப் பலனும் தரவில்லை. அந்தப் பணத்துக்கு அப்பாவுக்கு நடைப்பயிற்சி சொல்லித்தர ஒருவரை வரவழைப்பது மேல் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

இப்போது மாத்திரைகளின் பெயரையும் நேரத்தையும் ஒரே தாளில் எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவராகவே இருந்தாலும், முதலில் அதைக் கொடுத்துவிடுகிறோம்; புதிதாக எது சேர்ந்தாலும் நரம்பியல் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குகிறோம்.