மறு: மறு: ‘பொது ஒப்பந்ததாரர்’ வேண்டாமே

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) கேட்டது சின்னக் கேள்விதான். வெளிநாட்டில் இருந்துகொண்டே ஊரில் வீடோ கடைக்கட்டடமோ எழுப்புகிறவர்களுக்கு, ஜெனரல் காண்ட்ராக்டரை எப்படிப் பார்த்து அமர்த்துவது என்று கையேடு எழுதுகிறார். முதல் பக்கத்திலேயே சொல் முட்டுகிறது: ‘ஜெனரல் காண்ட்ராக்டர்’ என்பதற்குத் தமிழில் என்ன போடுவது? நாமும் மூன்று நாளாக மடல் மேல் மடலாகப் போட்டு அவரைக் குழப்பியிருக்கிறோம், என் முதல் மடல் உட்பட.

> ‘பொது ஒப்பந்ததாரர்’ என்றே போடலாம். ‘ஒப்பந்ததாரர்’ அரசு ஆவணங்களில் நிலைத்துவிட்ட சொல்.

நிலைத்ததுதான். எனக்கு இடிப்பது ‘பொது’. பொதுக்கிணறு, பொதுக்குழாய், பொதுவழி என்றால் எல்லாருக்கும் உரியது, பழுதானால் யாரும் கேட்கமாட்டார்கள். இந்த ஆளோ வானம் (அஸ்திவாரம்) தோண்டுவதிலிருந்து சாவி கொடுப்பதுவரை பதில் சொல்லவேண்டிய ஒரே ஆள். ‘பொது ஒப்பந்ததாரர்’ என்று என் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். “பொதுப்பணித்துறையில ரோடு போடுறவரா?” என்றார்.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்க்கலாம். எங்கள் மண்டபம் ஊரில் அக்காவுக்கு வீடு கட்டியபோது எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஓர் ஆளை அமர்த்தவில்லை. கொத்து வேலை சதுரடிக் கூலிக்கு ஒரு மேஸ்திரி. செண்ட்ரிங் வேறொருவர். கம்பி கட்ட இன்னொருவர். சிமெண்டும் கம்பியும் நாங்களே வாங்கினோம். லாரித் தண்ணீர் வராத நாள்களில் பக்கத்துக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டோம். மிச்சம் பிடித்துவிட்டதாகப் பெருமை வேறு.

ஏழாம் வருடம் போர்டிகோ அடிக்கூரையில் பூச்சு உப்பியது. ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. கம்பியை நகத்தால் சுரண்டினேன், ஏடு ஏடாக உரிந்து வந்தது. கம்பிக்குக் கீழே காங்கிரீட் எவ்வளவு கனம் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 15 மில்லிமீட்டர். கடற்கரைச் சூழலுக்கு ஐ.எஸ். 456 என்கிற இந்தியக் காங்கிரீட் தரவிதி கேட்பது 45, கடல்நீர்ச் சாரல் படுகிற இடமானால் 50. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெம்பிக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும்.

மேஸ்திரியைக் கேட்டோம். “கவர் பிளாக் வைக்காதது கம்பிக்காரர்.” கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டைதான் கவர் பிளாக். கம்பிக்காரரைக் கேட்டோம். “தண்ணி உப்பு, நான் என்ன பண்ண?” அதிலும் உண்மை இருந்தது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் உப்பின் கூறான குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கட்டுவதற்கு முன் ஒருவரும் சோதனைக்குக் கொடுக்கவில்லை. செண்ட்ரிங்காரர் போனையே எடுக்கவில்லை. நாலு பேரோடு நாலு பேச்சு பேசியிருந்தோம், மொத்தத்துக்குமாக ஒருவரோடும் பேசவில்லை. கடைசியில் குற்றவாளி நாங்கள்தான் என்று அக்கா தீர்ப்பு சொன்னாள்.

அந்த மொத்தத்தைத் தூக்கிச் சுமக்கிறவருக்குத்தான் பெயர் தேடுகிறோம். கட்டடத்துச் சொந்தக்காரர் இவர் ஒருவரோடு மட்டும் ஒப்பந்தம் எழுதிக்கொள்வார். கொத்தனார், எலக்ட்ரீசியன், பிளம்பர், வணிகக் கட்டடமானால் லிஃப்ட்டுக்காரர், தீயணைப்புக் குழாய் போடுகிறவர் எல்லாரும் இவரோடு எழுதிக்கொள்வார்கள். கூரை உப்பினால் இவர் வாசலில்தான் போய் நிற்கவேண்டும்.

> நம் கரையிலேயே சொல் இருக்கிறதே. சம்மாட்டி, தண்டல்?

ராமேஸ்வரத்து நண்பரின் இந்த வரியை இரண்டு முறை படித்தேன். சம்மாட்டி படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரர், ஆள்களையும் அவர்தான் கட்டி மேய்க்கவேண்டும். தோணியில் தண்டல் சொன்னதே சட்டம். பொருள் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் ‘கட்டடச் சம்மாட்டி’ என்று அச்சடித்தால் மதுரையைத் தாண்டியதும் சம்மட்டி ஆகிவிடும், கட்டுகிறவர் இடிக்கிறவராகிவிடுவார். ‘தண்டல்’ என்றால் சென்னையில் வட்டி வசூல். இரண்டையும் மனசில்லாமல்தான் விடுகிறேன்.

‘பெருந்தச்சன்’ என்றும் ஒரு மடல் வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் இருக்கிறார், உண்மை. அவர் கோயிலைச் சமைத்த கலைஞர். நாம் தேடுகிறவர் சிமெண்ட் லாரி ஏன் வரவில்லை என்று காலை ஆறு மணிக்குக் கத்துகிறவர். அதே கோயிலில் ‘நாம் எடுப்பிச்ச (கட்டுவித்த) திருக்கற்றளி’ என்று ராஜராஜன் சொல்லும் வினை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் “வேலையை அவர்தான் எடுத்திருக்கார்” என்கிறோம். ‘எடுப்பாளர்’ என்று எழுதியும் பார்த்தேன். எடுபிடியும் எடுப்புக் கக்கூஸும் கூடவே வந்து நின்றன. அடித்துவிட்டேன்.

என் முன்மொழிவு: தலையேற்பாளர்.

வேலையை ஏற்பவர் ஏற்பாளர். முழுதையும் தன் தலையில் ஏற்பவர் தலையேற்பாளர். அவருக்குக் கீழே ஒவ்வொரு வேலையை ஏற்பவர் கிளையேற்பாளர், ‘சப்-காண்ட்ராக்டர்’ சிக்கலும் இதிலேயே தீர்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்தே பொருந்தும், சிலர் சொன்ன, ‘மனை’ என்று தொடங்கும் சொற்கள் கடையை வெளியே தள்ளிவிடுகின்றன. தவிர, ஒப்பந்தம் இரண்டு பேர் செய்வது. கணக்குப்படி வீட்டுக்காரரும் ஒப்பந்ததாரர்தான். ‘-தாரர்’ பாரசீக ஒட்டு என்று அடுத்த மடலில் யாராவது சொல்லப்போகிறார்கள், நானே சொல்லிவிட்டேன். அது எனக்குப் பெரிய காரணம் இல்லை.

குறை: உயிரியல்காரர்களுக்கு ‘ஏற்பி’ (ரிசெப்டர்) வேறொன்று. குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

மண்டபத்திலிருந்து

*

மறு: மறு: மறு: ‘பொது ஒப்பந்ததாரர்’ வேண்டாமே

தம்பி, மடல் கண்டேன். அக்கா வீட்டுக் கதையைப் பெயர் இல்லாமல் கையேட்டில் சேர்த்துக்கொள்ளட்டுமா? எங்கள் தெருவில் பாதி வீட்டின் கதை அது.

சொல்லை இங்கே வேலை பார்க்கும் மேஸ்திரியிடம் வாசித்துக் காட்டினேன். “தலையா? அப்ப தப்பு நடந்தா யாரு தலை உருளும்?” என்றார். அவர் தலைதான் என்றேன். “அப்ப சரியான பேருதான், ஆனா நான் அந்த வேலைக்கு வரல” என்று கலவையைப் பார்க்கப் போய்விட்டார்.

கையேட்டில் முதல் இடத்தில் ‘தலையேற்பாளர், அதாவது முழுக் காண்ட்ராக்ட் எடுக்கிறவர்’ என்று போட்டு, பிறகு தனியாக ஓடவிடுகிறேன். ஆனால் இங்கே ‘முழுக் காண்ட்ராக்ட்’ என்றால் பொருளோடு சேர்த்து எடுப்பது என்றுதான் சனங்கள் புரிந்துகொள்கிறார்கள். பொருளை வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்து, வேலைப் பொறுப்பு முழுதும் ஒருவரிடம் இருந்தால் அவரும் தலையேற்பாளரா? நான் ஆம் என்பேன், மற்றவர்களும் சொல்லுங்கள்.

அடுத்து, கட்டி முடித்தபின் ஒரு வருடம் பழுது பார்க்க நிறுத்தி வைக்கிற கடைசிப் பணம். அதற்கு மேஸ்திரியே ‘பிடித்தம்’ என்கிறார். அதற்கு மடல் வேண்டாம்.