கயாமியா, பாப்பிரஸ், தன்னூரா: கெய்ரோ போகிறவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்வது

கெய்ரோவில் ஒரே ஒரு கைவேலைதான் வாங்க முடியும் என்றால் கயாமியா வாங்குங்கள். கெட்டிக் கித்தான் மேல் பருத்தித் துண்டுகளை வெட்டி வைத்துத் தைக்கும் கூடாரத் துணி வேலை. நம்மூர்த் தேரில் தொங்குமே தொம்பை, அந்த இனம். பாப் சுவைலா என்ற பழைய நகர வாசலைத் தாண்டித் தெற்கே போனால், 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கூரை போட்ட கடைத்தெரு வரும். தைப்பவர்கள் கடை மேடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் ஆண்கள். வெள்ளிக்கிழமை போவதானால் ஜும்ஆ தொழுகை முடிந்தபின் போங்கள்.

காகிதத்தை நாலாகவோ எட்டாகவோ மடித்து, ஒரு பகுதியில் மட்டும் கோடு வரைந்து, அதன் மேலேயே ஊசியால் குத்திக்கொண்டு போவார்கள். பிரித்தால் முழு வடிவமும் துளைகளாக வந்துவிடும். அதைத் துணிமேல் விரித்துக் கரித்தூளைத் தேய்த்தால் புள்ளிகள் கீழே இறங்கும். அடர்நிறத் துணிக்கு வெள்ளைத் தூள். பிறகு கலர்த் துணியைக் கத்தரித்து, ஓரத்தை ஊசி முனையாலேயே உள்ளே தள்ளித் தள்ளித் தைப்பார்கள்.

விலை கேட்கும் முன் பின்பக்கத்தைத் திருப்புங்கள். தலையணை உறையானால் ஜிப்பைத் திறந்து உள்ளே பாருங்கள். கைத்தையல் என்றால் கித்தானில் ஓடும் சின்னச் சின்னத் தையல் தடம் முன்பக்க வடிவத்தை அப்படியே காட்டும். தடமே இல்லையென்றால் அது அச்சடித்த துணி. ரமலான் பந்தலுக்கு மீட்டர் கணக்கில் விற்பது. மேசை விரிப்புக்கு அது போதும், ஆனால் கைவேலை விலை கொடுக்காதீர்கள். அடுத்து இதழ் முனைகளையும் உள்வளைவுகளையும் நகத்தால் மெல்ல நெருடிப் பாருங்கள். மடிப்புக்கு விட்ட துணி குறைந்தால் அங்கேதான் முதலில் பிரியும். அவசரமாகத் தைத்ததில் கூரான முனை மழுங்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் அலசாதீர்கள்; சிவப்புச் சாயம் இறங்கினால் பக்கத்து வெள்ளைத் துண்டு போய்விடும்.

* * *

மேலே கயாமியாவுக்குச் சொன்ன பின்பக்கச் சோதனை மாதிரி, ஓவியம் போட்டு விற்கும் பாப்பிரஸ் தாளுக்கும் ஒன்று உண்டு: வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது.

கோரை இனத்துச் செடிதான் பாப்பிரஸ். தண்டு முக்கோணமாக இருக்கும். பச்சைத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் மெத்தென்ற வெள்ளைச் சோற்றை நீளப் பட்டைகளாகச் சீவி, தண்ணீரில் ஊற வைத்து, குறுக்கே ஒரு அடுக்கு, நெடுக்கே ஒரு அடுக்கு பரப்பி, துணிக்கு நடுவே நாள்கணக்கில் அழுத்தி வைப்பார்கள். ஊறல் நேரம் கூடினால் தாள் பழுப்பேறும். குறுக்கும் நெடுக்கும் அடுக்குவதால் வெளிச்சத்தில் பட்டைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போவது தெரிய வேண்டும். தெருவில் கட்டுக்கட்டாக மலிவாக வருவது பெரும்பாலும் வாழை நாரில் செய்தது, சுருட்டினால் வெடிக்கும். நல்ல பாப்பிரஸ் சுருண்டு விரியும்.

தாள் அசல் என்பதால் ஓவியமும் கையால் வரைந்தது என்று ஆகாது. ஒரே படத்தில் இரண்டு பிரதி கேளுங்கள். கோட்டின் கனம் முடிக்கு முடி ஒன்றாக இருந்தால் அச்சு. கடையில் செய்முறை காட்டும் மேசையில் இருப்பது அசலாகவே இருக்கலாம். நீங்கள் கையில் எடுத்த தாளைத் தனியாகச் சோதியுங்கள். மடிக்காமல் அட்டைக் குழாயில் போட்டு எடுத்து வாருங்கள்.

* * *

தன்னூரா சுழல் நடனத்தைப் படகில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். நைல் விருந்துப் படகுகளில் ஒருவர் விளக்கு மின்னும் பாவாடையோடு சற்று நேரம் சுற்றிவிட்டுப் போவார். அல் அஸ்ஹர் மசூதிக்குப் பக்கத்தில் வக்காலத் அல் கூரி என்ற பழைய வணிகர் சத்திரம் இருக்கிறது. 1500களின் தொடக்கத்தில் சுல்தான் கூரி கட்டியது. அதன் கல் முற்றத்தில் நடப்பதுதான் முழு நிகழ்ச்சி. முதலில் இசைக்காரர்கள், பிறகு குழு, கடைசியில் தனி ஆட்டம். சுழற்சி நிற்காமலே மேல் பாவாடையை அவிழ்த்துத் தலைக்கு மேல் குடையாக உயர்த்துவார், கீழ்ப் பாவாடை இடுப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பாருங்கள், அசைவே இருக்காது. தினமும் நடப்பதில்லை, ரமலானில் நாள் மாறும். விடுதியில் கேட்டு உறுதி செய்துகொண்டு, முன்வரிசை வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள்.

குழந்தைகள் கூட வந்தால் பைத் அல் சுஹைமி மாளிகையில் அரகோஸ் கைப்பொம்மை ஆட்டம் உண்டா என்று விசாரியுங்கள். கலைஞர் வாய்க்குள் ஒரு சிறு கருவியை வைத்துக்கொண்டு பேசுவதால்தான் அந்தக் கீச்சுக்குரல். 2018இல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டிய கலைகள் பட்டியலில் சேர்த்தது.

* * *

வசந்த காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று. காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவர்களின்) ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை ஷம் எல் நசீம் என்ற வசந்தத் திருநாள். மதம் பாராமல் எல்லோரும் பூங்காவிலும் நைல் கரையிலும் வண்ண முட்டை, வெங்காயத்தாள், ஃபெசீக் என்ற உப்பு மீன் என்று பரப்பி உட்காருவார்கள். கூப்பிட்டால் தயங்காமல் போய் உட்காருங்கள். ஃபெசீக்கை மட்டும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். மடவை மீனை உப்பில் புளிக்க வைத்தது அது. குடல் எடுக்காமல் போட்டால் உப்பு உள்வரை ஏறாது, காற்றில்லாத இடத்தில் பொட்டுலிசம் நஞ்சு ஊறும். வாசனையிலோ நிறத்திலோ கண்டுபிடிக்க முடியாது. புகைபோட்ட மீனான ரிங்கா பெரும்பாலும் அதே விரிப்பில் இருக்கும், அதைக் கேளுங்கள். ஃபெசீக் சாப்பிட்டவருக்குப் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மீன் பெயரை முதலில் சொல்லுங்கள். முறிமருந்தை எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது.