விமானக் கண்காட்சியும் எங்கள் மாடியில் இருந்த ஹங்கேரி அம்மம்மாவும்

1991 ஓகஸ்டில் அம்மாவோடும் தங்கச்சியோடும் ரொறன்ரோ வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா முன்னமே வந்து செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடம் ஒன்றில் வீடு எடுத்து வைத்திருந்தார், அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் முதலில் போய்ச் சேர்ந்த இடம் அது.

செப்டெம்பர் முதல் திங்கள் இங்கே தொழிலாளர் தினம். அந்த வார இறுதியில் ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடக்கும். வந்து சில கிழமைதான் ஆன எங்களுக்கு இது எப்படித் தெரியும்? அப்பா ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவப் போயிருந்தார். போர் விமானம் ஒன்று கட்டடத்துக்கு மேலால் இரைந்துகொண்டு போனதும் தங்கச்சியை இழுத்துக்கொண்டு படியால் கீழே ஓடினேன். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்தில் பொம்பர் சத்தம் கேட்டால் வளவுக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கிவிடுவோம், இங்கே பங்கர் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் காட்டித் தரவில்லை, அதனால் ஆகக் கீழே போனால் சரி என்று போய் லோன்றி அறையில் மெஷினுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டோம். மேலே அம்மா எங்களைக் காணாமல் கத்திக்கொண்டு திரிந்திருக்கிறார், பாவம்.

அங்கே உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தவர் எங்கள் மாடியிலேயே இருந்த ஒரு வெள்ளைக்கார வயோதிப அம்மா. வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள், அல்லது கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் "பார், சும்மா விமானம்தான்" என்று காட்டியிருப்பார்கள். அதுவும் நல்ல மனதோடு செய்வதுதான், குறை சொல்லவில்லை. இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து எங்களோடு சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். டிரையரிலிருந்து சூடான துவாய் ஒன்றை எடுத்துத் தங்கச்சியைச் சுற்றினார். ஒவ்வொரு தடவை இரைச்சல் வரும்போதும் எங்கள் தலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டார். எல்லாம் அடங்கிய பிறகுதான் எழுப்பி அம்மாவிடம் கூட்டிப்போனார்.

எனக்கு ஓரளவு இங்கிலிஷ் வந்த பிறகுதான் அவருடைய கதை தெரிந்தது. புடாபெஸ்டில் இருந்தவர். 1956 நவம்பரில் சோவியத் டாங்கிகள் நகரத்துக்குள் வந்தபோது ஓடி வந்திருக்கிறார். அப்போது கனடா 37,000க்கு மேற்பட்ட ஹங்கேரிக்காரரை எடுத்தது, அவர்களில் இவரும் ஒருவர். டாங்கி பற்றி அதற்கு மேல் அவர் கதைத்ததில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கண்காட்சிக்கு முதலே கதவைத் தட்டி, பேப்பரில் வந்த நேர அட்டவணையை வெட்டிக் கொண்டுவந்து தந்தார். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று எங்கள் கலண்டரில் பேனையால் வட்டமும் போட்டார். அம்மா அந்த நாட்களில் எங்களை ஸ்காபரோவில் இருந்த மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தங்கச்சி இப்போது தன் பிள்ளைகளோடு போய் அந்த விமானங்களைப் பார்த்துக் கைதட்டுகிறாள், நான் இன்னும் போனதில்லை.

கண்காட்சியை நிறுத்து என்று வருடா வருடம் ஒரு சண்டை நடக்கும், அதற்குள் நான் வரவில்லை. ஆனால் உங்கள் கட்டடத்தில் சிரியாவிலிருந்தோ உக்ரைனிலிருந்தோ புதிதாக வந்த பிள்ளைகள் இருந்தால் அந்தக் கிழமை தொடங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும், ஒத்திகைக்காக அதற்கு முன்னமே பறக்கத் தொடங்கிவிடுவார்கள்.