மின்சார அதிர்வெண்ணைப் பார்த்து ஓடும் கடிகாரத்துக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பாடம் அச்சுக்குப் போகிறது. 'சிங்க்ரனஸ் கிளாக்' என்பதற்குத் தமிழ்ப்பெயர் ஒன்றுதான் தொக்கி நிற்கிறது. பாடத்தில் வருவது 2018-இல் ஐரோப்பாவில் நடந்தது. செர்பியா–கொசோவோ தகராறில், கொசோவோவின் மின் பற்றாக்குறையை யாரும் ஈடுகட்டவில்லை. நாடுகளை இணைக்கும் மின்தொகுப்பில் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) இருக்க வேண்டிய அதிர்வெண் சராசரியாக 49.996-க்கு இறங்கியது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் பல நாடுகளில் அடுப்புக் கடிகாரங்கள் (மின் அடுப்பில் பதித்தவை) ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்தங்கிவிட்டன. இப்போதைக்கு 'ஒத்திசைவுக் கடிகாரம்' என்று போட்டிருக்கிறேன்.

மின்பொறியாளர்:
ஒத்திசைவு வேண்டாம் அம்மா, பாட்டு வகுப்புதான் நினைவுக்கு வருகிறது. 'ஒத்தியங்கு கடிகாரம்' போதும். 1916-இல் ஹென்றி வாரன் என்ற அமெரிக்கப் பொறியாளர் பாஸ்டன் மின்நிலையத்தில் வைத்த கடிகாரத்தில் ஒரே முகப்பில் இரண்டு முட்கள். ஒன்றை ஊசல் ஓட்டியது. மற்றதை அந்த நிலையத்தின் மின்சார அலையோடு ஒத்து ஓடும் மோட்டார் ஓட்டியது. இரண்டும் பிரியாதபடி மின்னாக்கியின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஊழியர் வேலை. அவர் அசந்தால் ஊர்க் கடிகாரமெல்லாம் தப்பு.

புலவர்:
கடிகாரம் கடிகையிலிருந்து வந்தது, கடிகை வடமொழி. முல்லைப்பாட்டு, நேரம் காட்டும் நீர்க்கருவியைக் 'குறுநீர்க் கன்னல்' என்கிறது. பாசறையில் அதைப் பார்த்துப் பொழுது சொன்னவர்கள் 'பொய்யா மாக்கள்'. எனவே 'ஒத்தியங்கு கன்னல்' என்க. வினைத்தொகை, யாரும் நடுவில் 'க்' போட்டுவிடாதீர்கள்.

ஆசிரியை:
ஐயா, கன்னல் என்றால் கரும்பு என்றுதான் என் மாணவர்கள் எழுதுவார்கள், அதுவும் தெரிந்திருந்தால். ஆறு நிமிடம் பொய் சொன்ன கருவிக்குப் பொய்யா மாக்களைச் சாட்சிக்கு அழைப்பதும் பொருந்தவில்லை. என் ஐயம் வேறு: அடுப்புக் கடிகாரத்தில் மோட்டாரே கிடையாதே, எது ஒத்து இயங்குகிறது? அது மின்னலைகளை எண்ணி, ஐம்பது ஆனதும் ஒரு நொடி கூட்டிக்கொள்கிறது. 'அலையெண்ணிக் கடிகாரம்' என்றால் என்ன?

மின்பொறியாளர்:
குவார்ட்ஸ் கடிகாரமும் எண்ணத்தான் செய்கிறது, தன் படிகத்தின் அதிர்வை. அதனால்தான் 2018-இல் அது தப்பியது. எதை நம்பி எண்ணுகிறது என்பது பெயரில் வர வேண்டும் என்றால் 'மின்தொகுப்புக் கடிகாரம்' என்று சொல்லிப் பார்க்கலாம். நாக்குதான் சுளுக்கிக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. முள் கடிகாரத்துக்கு 'ஒத்தியங்கு கடிகாரம்'. அடுப்புக் கடிகாரத்துக்குத் தனிப்பெயர் இல்லை, ஒரு வரி விளக்கம்.

புலவர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடிக்குறிப்பிலாவது கன்னல் வர வேண்டும்.