'பேஸ் ஏக்கர்' - தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) விவசாயிகளுக்கு அரசு தரும் மானியம் பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். 'பேஸ் ஏக்கர்' என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது.

ஒரு நிலத்தில் முன்பு எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் போட்டார்கள் என்பதை வைத்து அரசு எழுதிவைத்த கணக்கு அது. 2014 வேளாண் சட்டத்தில் மக்காச்சோளத்துக்குக் குறிப்பு விலை ஒரு புஷலுக்கு (அங்குள்ள தானிய அளவு) 3.70 டாலர் என்று வைத்தார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால், பேஸ் ஏக்கரில் 85 விழுக்காட்டுக்குக் கணக்கிட்டுப் பணம் வரும். இந்த வருடம் அங்கே சோயா போட்டிருந்தாலும் மக்காச்சோளக் கணக்குதான். அதனால் 'பயிர்ப் பரப்பு' ஒத்துவராது.
- க.

'அடிக்காணி' என்று எழுதுங்கள். கல்வெட்டுகளில் காணி என்பது வழிவழியாக வரும் உரிமை. பேஸ் ஏக்கரும் நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை விற்றால் வாங்கியவருக்குப் போகும். இவ்வளவு பொருந்தும் சொல் வேறு கிடைக்காது. அப்புறம், கவுண்டிக்குப் பழைய நாட்டுப் பிரிவின் பெயரான 'கூற்றம்' இருக்கிறதே!
- அ.

ஐயா, யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவும் காணிதான். உரிமை என்ற பொருள் யாருக்கும் தோன்றாது. தமிழ்நாட்டிலோ காணி ஓர் அளவு, சுமார் 1.32 ஏக்கர். '100 அடிக்காணி' என்று எழுதினால் பரப்பே மாறிப்போகும்.
- சி.

'மானிய ஏக்கர்' போதாதா? மானியம் என்பதே முன்பு வரியில்லாமல் விட்ட நிலம்தான். பூசாரிக்கு, ஊர்க்காவலுக்கு என்று விட்டார்கள். சில ஊர்களில் வயலுக்கு அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. நிலத்தைக் குறித்த சொல் பணத்துக்குப் போய், மறுபடி நிலத்துக்கே வருகிறது.
- மு.

விலை நன்றாக இருக்கிற வருடத்தில் ஒரு டாலரும் வராதே அம்மா. மானிய ஏக்கர் என்றால் வருடா வருடம் பணம் என்றல்லவா படிப்பார்கள்? நம் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் பதிவேட்டில் பயிர் எழுதுவது எல்லாருக்கும் தெரியும். 'பதிவு ஏக்கர்' என்று வையுங்கள்.
- ந.

பதிவு என்றால் பத்திரப்பதிவுதான் நினைவுக்கு வரும். சரி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் போட்டுவிட்டால் ஓடும்.
- சி.

நன்றி. ந., சி. இருவரும் ஒப்பியதால் 'பதிவு ஏக்கர்' என்றே அனுப்புகிறேன். கவுண்டி கவுண்டியாகவே இருக்கட்டும். பணம் வாங்குபவரைப் 'பயனாளி' என்று போட்டிருக்கிறேன்.
- க.

பயனாளி தவறு. ரொக்கக் குத்தகையில் காசோலை பயிரிடுபவர் பெயருக்கு வரும். மானியம் வருகிறதென்று குத்தகையை ஏற்றி, அதில் ஒரு பங்கை நில உரிமையாளர் எடுத்துக்கொள்வார். காசோலையில் பெயர் இருப்பவர் 'பெறுநர்' மட்டுமே. நீங்கள் மூவர் ஒப்பினாலும் 'பதிவு ஏக்கர்' எனக்கு உடன்பாடில்லை. ஏக்கர் எப்போது தமிழானது?
- அ.