முதியோர் எழுத்தறிவு வகுப்பில் கைபேசியை எதற்குப் பயன்படுத்தலாம்?

மாலை மையம் (கேள்வி)

வணக்கம். வேலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் நடக்கும் கற்போர் மையத்தில் தன்னார்வலராகப் பாடம் நடத்தி வருகிறேன். கற்போரில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு மாலையில் வரும் பெண்கள்; நாற்பது வயது முதல் அறுபத்தைந்து வயது வரை உள்ளவர்கள். திட்டத்தில் 200 மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்று இருந்தாலும், நடவும் அறுப்பும் வந்துவிட்டால் வகுப்பு அறுந்துபோகிறது. திரும்பி வரும்போது பாதி எழுத்துகள் மறந்திருக்கின்றன.

கைபேசியில் பாடக் காணொளிகளைக் காட்டிப் பார்த்தேன். எல்லோரும் ஆர்வமாகப் பார்க்கிறார்கள். பார்த்து முடித்த பிறகு எழுதச் சொன்னால் யாருக்கும் கை நகர்வதில்லை. இறுதியில் அவர்கள் எழுத வேண்டியதோ தாளில் நடக்கும் தேர்வு: வாசித்தல், எழுதுதல், எண்கள் என்று பகுதிக்கு 50 வீதம் 150 மதிப்பெண். தொடுதிரைக் கைபேசி பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்றுதான். அதுவும் மகன் கையில் இருக்கும். இந்த நிலையில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் உண்மையிலேயே உதவும் வகையில் கைபேசியைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

நோட்டுப்புத்தகம்

காணொளியை ஒதுக்கிவிட்டுக் குரல்வழித் தட்டச்சைக் கையில் எடுங்கள் என்பதே என் பரிந்துரை. அதற்கு மையத்தில் ஒரே ஒரு கைபேசியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும்.

நாங்கள் செய்யும் முறை இது. வகுப்புத் தொடங்கியதும் ஒருவரிடம் அன்றைய நாளைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொல்வோம். ஒரு நாள் ஓர் அம்மா, “ரேஷன் கடையில பாமாயில் இல்ல” என்றார். அவர் பேசப் பேசவே அந்தச் சொற்கள் திரையில் எழுத்தாக வந்து நின்றன. அதைப் பெரிய எழுத்தில் எல்லோருக்கும் காட்டினோம். பிறகு கரும்பலகையில் எழுதி, ரே, பா, மா என்று நெடில்களைப் பிரித்து, அவற்றைக் கொண்டே வேறு சொற்களைக் கட்டச் சொன்னோம். பாடநூலில் அந்த எழுத்துகள் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்பதைப் பிறகு தேடிக்கொண்டோம். தம் வாயிலிருந்து வந்த வரி என்பதால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். எந்தக் குறி எந்த ஒலிக்கு உரியது என்று கண்டுபிடிப்பது மட்டுமே மிச்சம். வளர்ந்தவர்களுக்கு இது “அணில், ஆடு” என்று தொடங்குவதைக் காட்டிலும் மரியாதையான தொடக்கம் என்று நினைக்கிறேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டார வழக்கில் வேகமாகப் பேசினால் கருவி சில சொற்களைத் தாறுமாறாக எழுதிவிடும். அந்தத் தவறுகளை அழித்துவிடாதீர்கள். “நான் சொன்னது இதுவல்லவே” என்று ஒருவர் சொல்வதற்கு, அவர் அந்த வரியை வாசித்தாக வேண்டும். எங்கள் மையத்தில் மிகுந்த சிரிப்பும், அதைவிட மிகுந்த வாசிப்பும் அந்த இடத்தில்தான் நடக்கின்றன. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றும் பயிற்சியையும் அதே வரியிலிருந்து தொடங்கலாம்.

அறிவொளிக் காலத்தவர்

1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி என்னும் முழு எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தவன் என்ற முறையில் சில ஐயங்களை முன்வைக்கிறேன்.

அன்று எங்களிடம் இருந்த பெரிய கருவி சைக்கிள். அதனால் பெண்கள் வகுப்புக்கு வந்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள், சந்தைக்குப் போனார்கள். எழுத்தறிவின் பயன் அவர்கள் வாழ்க்கையில் வேறு வடிவில் உடனடியாகத் தெரிந்தது. பாடநூலும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் தேர்வுகளோடு இருந்தது. எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது கற்பவருக்கே தெரிந்தது. இன்றைய செயலிகள் பலவற்றில் அந்த விவரம் மேலே உள்ள அலுவலகத்துக்குத்தான் போகிறது, படிப்பவருக்குத் தெரிவதில்லை.

என் பெரிய கவலை வேறு. அன்று பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்க வேண்டும் என்ற தேவை ஒருவரை வகுப்புக்கு இழுத்து வந்தது. இன்று கைபேசியே எல்லாவற்றையும் வாசித்துச் சொல்கிறது. கடிதத்துக்குப் பதில் குரல்பதிவு போகிறது. கடையில் பணம் வந்ததைக்கூட ஒரு பெட்டி குரல் கொடுத்து அறிவிக்கிறது. வாசிக்க வேண்டிய தேவையையே குறைத்துவரும் ஒரு கருவியைக் கொண்டு வாசிக்கக் கற்பிக்கிறோம் என்ற உணர்வு நமக்கு இருக்க வேண்டும்.

சிறு செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறுபதைக் கடந்தவர்களில் சிலர் இரண்டாம் மூன்றாம் வகுப்பு வரை படித்து நின்றவர்களாக இருப்பார்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் கற்றவர்கள் என்பதால், லை, னை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களே அவர்கள் நினைவில் இருக்கும். ‘தும்பிக்கை’ போட்ட லையை எழுதினால் தவறு என்று அடித்துவிடாதீர்கள். பழைய பத்திரங்களில் அந்த எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் அந்த வகுப்பில் ஒருவர் இருப்பது நல்லதுதான்.

விசைப்பலகை

ஐயாவின் கவலையை மதிக்கிறேன். ஆனால் முழுவதும் உடன்படவில்லை. குரல்பதிவு அனுப்பத் தெரிந்த பெண்கள்தான் என்னிடம் வந்து, பேரன் எழுத்தில் அனுப்பும் செய்தியை யாரிடமும் கொடுக்காமல் தாமே படிக்க வேண்டும் என்கிறார்கள். தேவை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

கணினி வழி எழுத்தறிவு நமக்குப் புதிதும் அன்று. இந்திய மென்பொருள் துறையின் முன்னோடியான எஃப்.சி. கோலியின் முயற்சியால் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டு அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எழுத்துகளைத் தனித்தனியே கற்பிக்காமல், முழுச் சொற்களைப் படத்தோடும் ஒலியோடும் திரையில் காட்டி, ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எளிய செய்திகளை வாசிக்க வைப்பதே அதன் நோக்கம். தெலுங்கில் தொடங்கிய அது பின்னர் தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கும் வந்தது. வேகம் கிடைத்ததற்குக் காரணம், அது வாசிப்பை மட்டும் குறிவைத்து எழுதுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டதுதான். கேள்வி கேட்டவரின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது: திரை கண்ணைப் பழக்குகிறது, கையைப் பழக்குவதில்லை.

தட்டச்சை எழுத்துப் பயிற்சியாக நினைத்துவிடாதீர்கள் என்று சொல்வதற்குத் தமிழில் கூடுதலான ஒரு காரணமும் உண்டு. ‘கெ’ என்று எழுதும் கை முதலில் கொம்பைப் போட்டு, பிறகு க போடுகிறது. கைபேசியில் முதலில் க, அதன் பிறகே கொம்பு. ‘கொ’ என்றால் கையால் கொம்பு, க, கால் என மூன்று நகர்வுகள்; தட்டச்சில் இரண்டு தட்டல்கள். கையெழுத்து உறுதிப்படாத ஒருவருக்கு இரண்டையும் ஒரே வாரத்தில் கற்பித்தால் கொம்பு எழுத்துகள் எல்லாமே குழம்புகின்றன. ஆகவே கொம்பு வரிசைகளைச் சிலேட்டில் முடித்த பிறகு தட்டச்சுக்கு வாருங்கள். க வைத் தொட்டதும் கா, கி, கீ என்று அதன் வரிசை முழுவதும் மேலே விரியும் விசைப்பலகை கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வாய்ப்பாட்டில் பார்த்த அதே வரிசை என்பதால் பயம் குறையும். திரையில் விரலால் எழுதும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது கோணல்மாணலான எழுத்தையும் ஊகித்துச் சரியாக்கிவிடும். வடிவத்தைத் திருத்த அதை நம்ப முடியாது.

பாட்டும் வரியும்

வகுப்பு நடக்காத மாதங்களுக்கு ஒரு வழி. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்த யோசனை இது. திரைப்பாடல் ஒலிக்கும்போது அதே மொழியில் பாடல் வரிகளைத் திரையின் கீழே ஓடவிட்டு, பாடப்படும் சொல்லின் நிறம் மாறும்படி செய்தால், அரைகுறையாக வாசிப்பவர்கள் தம்மை அறியாமலே கண்ணால் அதைத் தொடர்கிறார்கள். குஜராத்திப் பாடல் நிகழ்ச்சியில் சோதிக்கப்பட்டு, பிறகு தூர்தர்ஷனின் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியான சித்ரஹாருக்கும் சென்றது. எழுத்தே அறியாதவருக்கு இது பெரிதாக உதவாது. பாதி கற்று மறக்கும் நிலையில் இருப்பவருக்கே இது மருந்து. தமிழில் வரிகளோடு கூடிய பாடல் காணொளிகள் யூடியூபில் ஏராளமாக இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் தமிழ் வரிகளைப் போடுபவை மிகுதி என்பதால், தமிழ் எழுத்தில் உள்ளவற்றை நீங்களே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து, மனப்பாடமாகத் தெரிந்த பழைய பாடல்களாகப் பார்த்து, வீட்டுக் கைபேசியில் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். மகன் கைபேசியைத் தர மறுத்தாலும் பாட்டுக்காகச் சற்று நேரம் தருவான் என்பது என் அனுபவம்.

மாலை மையம்

அனைவருக்கும் நன்றி. கொம்பு பற்றிய குறிப்பு என் வகுப்பில் நடந்ததை அப்படியே விளக்குகிறது. இன்னொரு கேள்வி: பலர் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படிக்கக் கற்றுத்தரச் சொல்கிறார்கள். அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே?

நோட்டுப்புத்தகம்

எண்ணிலிருந்து தொடங்குங்கள். தொகை, தேதி, கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள், மீதி ஆகியவை எந்த மொழிச் செய்தியிலும் ஒரே எண்களில்தான் வரும். வரவா செலவா என்பதற்கு உரிய இரண்டு ஆங்கிலச் சொற்களை மட்டும் வடிவமாக அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தால் போதும். பாடத்துக்குக் கற்போரின் உண்மையான செய்திகளைப் பயன்படுத்த வேண்டாம். மீதித் தொகை பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நீங்களே மாதிரிச் செய்திகளைப் பெரிய எழுத்தில் தாளில் அச்சிட்டுக் கொள்ளுங்கள். அவற்றுள் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) வரும் செய்தி ஒன்றும் இருக்கட்டும். தொலைபேசியில் யார் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது என்பதை அதே வகுப்பில் சொல்லிவிடுங்கள். வங்கி மேலாளர் என்று சொல்லிக்கொண்டு கேட்டாலும் அப்படித்தான்.