ஆயாவை எப்படி அழைத்து வருவது

(எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு. மல்லிகா அத்தை ‘அம்மா’ என்பது ஆயாவை, அதாவது என் பாட்டியை.)

மல்லிகா அத்தை: அண்ணா, ரேவதி நிச்சயதார்த்தத்துக்கு வந்தே தீருவேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் நீண்ட நேரம் உட்கார முடியவில்லை. ஹைதராபாத்திலிருந்து எப்படி அழைத்து வருவது?

சேகர் சித்தப்பா: (ஃபார்வர்டு) வேலூர் மக்களுக்கு மகிழ்ச்சிச் செய்தி!!! அப்துல்லாபுரத்தில் 1-ஆம் தேதி முதல் விமானம். எல்லா ஊருக்கும் 2,500 ரூபாய் மட்டுமே. அனைவருக்கும் பகிரவும் 🙏✈️

சேகர் சித்தப்பா: இதிலேயே வரலாம் அக்கா. இறங்கினால் குடியாத்தம் பக்கம்தானே

பாபு அண்ணன்: சித்தப்பா மனையிலேயே இறங்கிவிடலாம்

ரேவதி அக்கா: 😂😂

சேகர் சித்தப்பா: மனையைப் பற்றி இங்கே யார் கேட்டது

அம்மா: தம்பி, அந்த மனைக்கு ஏர்போர்ட் வரும் என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்

பெரியப்பா: சேகர், இதை நம்பி யாரும் டிக்கெட் தேட வேண்டாம். எந்த நிறுவனம், எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்று ஒரு வரி கூட அதில் இல்லை. 2,500 ரூபாய் என்பது, சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு வைத்த உச்ச வரம்பு. அதுவும் ஏறத்தாழ பாதி இருக்கைகளுக்குத்தான். மீதி இருக்கை சந்தை விலை. வேலூருக்கு நினைத்திருப்பது 19 பேர் உட்காரும் சிறிய விமானம். ஓடுபாதை அவ்வளவுதான் தாங்கும். திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவுக்கு வருகிற ஏடிஆர் 72 என்ற பெரிய விமானம் முழு எடையோடு எழும்ப ஏறத்தாழ 1,300 மீட்டர் வேண்டும். வேலூரில் அவ்வளவு நீளம் இல்லை.

பாபு அண்ணன்: அப்பா தொடங்கிவிட்டார்

பெரியப்பா: முழுவதும் கேள். கட்டடம் கட்டிவிட்டால் விமானம் வந்துவிடாது. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் உரிமம் வேண்டும், தீயணைப்பு வண்டி வேண்டும், பாதுகாப்பு ஒப்புதல் வேண்டும். இதெல்லாம் வந்தாலும் ஓட்ட ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். அரசு மானியம் மூன்று வருடம்தான். சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனத்தின் விமானம் வந்தது, பிறகு நின்றது, மறுபடி விமானம் இறங்கியது 2023 அக்டோபரில். மத்திய தணிக்கை அறிக்கை 2023-இல் சொன்னதும் இதுதான். உடானின் முதல் மூன்று சுற்றுகளில் கொடுத்த 774 வழித்தடங்களில் ஓடத் தொடங்கியவை 371. மூன்று வருடமும் முழுதாக ஓடியவை 112.

மல்லிகா அத்தை: சரி அண்ணா. அம்மாவுக்கு என்ன வழி?

சேகர் சித்தப்பா: அப்படியென்றால் வேலூருக்கு வராதா?

பெரியப்பா: வர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளியை ரயிலில் படுக்க வைத்து இரண்டு நாள் பயணமாகக் காட்பாடிக்கு அழைத்து வருகிறார்கள். அதைப் பார்த்தால் மனது தாங்காது. ஆனால் 19 பேர் விமானம் கல்கத்தா வரை போகாது. சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போகும். சென்னைக்குக் காரில் மூன்று மணி நேரம். அதற்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? இருக்கை நிரம்பாவிட்டால் மானியம் முடிந்த அன்றே நிறுத்திவிடுவார்கள்.

அம்மா: மாமா, மாப்பிள்ளை வீட்டில் போன் செய்தார்கள். சாப்பாட்டில் பப்பு, கோங்குரா கட்டாயம் இருக்க வேண்டுமாம்

ரேவதி அக்கா: அவர்களுக்கு வத்தக்குழம்பே வேண்டாமாம்

பாபு அண்ணன்: சித்தூர்க்காரர்கள் அப்படித்தான்

சேகர் சித்தப்பா: வத்தக்குழம்பு இல்லாமல் நம் வீட்டு விசேஷமா!

மல்லிகா அத்தை: அம்மா???

பெரியப்பா: ஹைதராபாத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து சித்தூர் வழியாகக் கார். ஏடிஆராக இருந்தால் பின்பக்கக் கதவு வழியாகப் படியேற வேண்டும். அதனால் டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டுவிடு, 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். படியேற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்.

சேகர் சித்தப்பா: வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸ் என்ன குறைச்சல்? காச்சிகுடாவில் ஏறினால் காலையில் சித்தூர். படுத்துக்கொண்டே வரலாம்

மல்லிகா அத்தை: பாபு கல்யாணத்துக்கு அம்மாவுக்கு மேல் பெர்த் போட்டது யார்?

சேகர் சித்தப்பா: அது கிடைத்ததைப் போட்டது அக்கா. எத்தனை வருடம் சொல்வீர்கள்

அம்மா: 🤐

பாபு அண்ணன்: ரேணிகுண்டாவுக்கு நான் கார் எடுத்துக்கொண்டு போகிறேன்

ரேவதி அக்கா: அன்றைக்கு மண்டபத்துக்குச் சாமான் இறக்க அந்தக் கார்தானே வேண்டும்?

பாபு அண்ணன்: அதுவும் சரிதான். சித்தப்பா கார்?

சேகர் சித்தப்பா: சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன். பார்க்கலாம்

மல்லிகா அத்தை: (குரல் செய்தி) அம்மா பேசுகிறார், கேளுங்கள்

ரேவதி அக்கா: ஆயா ஜன்னல் சீட்டு கேட்கிறார்! திருப்பதி மலை விமானத்திலிருந்து தெரியுமா என்கிறார் 😍

பெரியப்பா: இறங்கும் பக்கத்தைப் பொறுத்தது அம்மா. மல்லிகா, ஜன்னல் ஓரமே போடு. உன் இருக்கை பக்கத்திலேயே இருக்கட்டும். முடிந்தால் முந்தின நாளே வந்துவிடுங்கள். விமானம் தாமதமானாலும் பதற வேண்டியதில்லை.

மல்லிகா அத்தை: முந்தின நாள் அவருக்கு லீவு இல்லை அண்ணா. கேட்டுச் சொல்கிறேன்

அம்மா: மாமா, சீர்த் தட்டு 21-ஆ, 31-ஆ? மாப்பிள்ளை வீட்டில் மறுபடியும் கேட்கிறார்கள்

சேகர் சித்தப்பா: 31 வையுங்கள். பெண் வீட்டார் என்றால் சும்மாவா

பெரியப்பா: 21 போதும். மல்லிகா, டிக்கெட் விலை பார்த்துவிட்டு எனக்குத் தனியாக அனுப்பு. பணம் நான் போடுகிறேன்.

மல்லிகா அத்தை: அதெல்லாம் வேண்டாம் அண்ணா

பாபு அண்ணன்: கோங்குரா யார் வாங்குவது? சித்தூர் சந்தையா, பலமநேரா?